தலைப்பாகைக்காரனைக் கொல்லப் போன கதை

மக்கா, ஒண்ணு கேக்கேன், உண்மையைச் சொல்லணும். ஒங்க படக்கதைக்குப் படம் போடுதவர் வீட்டுக்கு நீங்க கடைசியா எப்பப் போனீங்க? போனதே கிடையாதுல்லா? கதையை எழுதுதீங்க, கவர்ல போட்டு ஒட்டுதீங்க, அனுப்புதீங்க. அங்கன இருந்து படம் வருது. வந்த படத்தைப் பாத்து, "நான் நெனச்ச மாதிரி வரலையே"ன்னு மூஞ்சியச் சுளிக்கீங்க. சுளிங்க, சுளிங்க. நானும் சுளிச்சவன்தான். அந்தச் சுளிப்பு என்னை எங்க கொண்டு போய் விட்டுச்சுன்னு சொல்லுதேன், கேட்டுட்டு அப்புறமும் சுளிக்கணும்னு தோணுச்சுன்னா சுளிச்சுக்கோங்க.

நான் எழுத வந்த காலத்துல படக்கதைன்னு சொன்னா எங்க வீட்டுலயே ஒருத்தருக்கும் விளங்காது. "படமா, கதையா, எதாவது ஒண்ணைச் சொல்லு"ம்பாங்க. சுதந்திரம் வந்து கொஞ்ச வருசம் ஆயிருந்துச்சு. சங்கரன்கோவில்ல கைத்தறிச் சேலைக்கும் தீப்பெட்டிக்கும் லேபிள் அடிக்கிற கல் அச்சகம் ஒண்ணு இருந்துச்சு. வழுவழுன்னு தேச்ச கல்லுல படத்தை வரைஞ்சு, மை தடவி, தாளை வச்சு அமுக்கி எடுப்பாங்க. அந்த மொதலாளிக்குத் திடீர்னு பத்திரிகை ஆசை வந்துட்டு. லேபிளுக்குப் போக மிஞ்சுற கல்லும், அப்பப்ப சும்மா நிக்கிற மிஷினும் அவரு கண்ணை உறுத்துச்சுன்னு நெனைக்கேன். மாசம் ஒரு புத்தகம். நடுப்பக்கம் ரெண்டையும் சேத்து, ஒரே வரிசையா அஞ்சு படம், ஒவ்வொண்ணுக்கும் கீழ நாலு வரி. அந்த நாலு வரிக்கு ஆள் தேடிட்டு இருந்தாரு. ரதவீதியில கூட்டத்துக்கு நோட்டீஸ் எழுதிக் குடுத்துட்டு இருந்த நான் அகப்பட்டேன்.

நம்ம கதாநாயகன் யாருன்னா, சந்தைக்குப் போற வண்டிகளுக்குத் துணையாக் காவல் போற ஒரு வாலிபன். கையில அருவாளு, ஏறிக்கிட ஒரு மட்டக்குதிரை, தலையில பெரிய தலைப்பாகை. பேரு வச்சிருந்தேன், ஆனா ஒரு பய அந்தப் பேரைச் சொல்லல. எல்லாருக்கும் அவன் தலைப்பாகைக்காரன்தான். அவனுக்கு எதிராளி ஒத்தைக்கண்ணன்னு ஒரு கொள்ளைக்காரன், இடது கண்ணை மறைச்சுக் கறுப்புத் துணி கட்டியிருப்பான்.

முதல்ல படம் போட்டவரு லேபிள் ஓவியர். லட்சுமி, சரஸ்வதி, முருகன் இவங்களைத் தவிர வேற யாரையும் வரைஞ்சு பழக்கமில்லாத மனுசன். நான் எழுதிக் குடுப்பேன்: கண்கள் சிவக்க, மீசை துடிக்க, பல்லைக் கடித்தான் தலைப்பாகைக்காரன். படம் வரும் பாருங்க! கழுத்துல அருவாள வச்சிட்டு ஒருத்தன் நிக்கான், நம்ம ஆளு அபயக்கரம் நீட்டாத குறையாச் சிரிச்சிட்டு இருக்கான். ஒத்தைக்கண்ணன் முகத்துலயும் அருள் வழியுது. சேலைக்காரங்க அந்தப் பக்கத்தைப் பாத்தா ரெண்டு பேருக்கும் சேத்துச் சூடம் காட்டிருப்பாங்க.

"அண்ணாச்சி, கொஞ்சம் கோவமாப் போடக் கூடாதா?"ன்னு கேட்டேன்.

"தம்பி, எங் கைக்குக் கோவம் வராது. நீ வேணா கோவமா எழுதிக்கோ"ன்னாரு.

எழுதுனேன். சிரிச்ச மூஞ்சிக்குக் கீழ "கண்கள் சிவக்க". கடைத்தெருவுல என்னையப் பாத்தவன்லாம் சிரிச்சான். ரெண்டு மாசம் வீம்பு பிடிச்சேன். மூணாவது மாசம், வேற வழியில்லாம, கோவத்தைத் தூக்கிட்டு ஒரு வரி எழுதுனேன்: கழுத்தில் அருவாள் இருந்தது, அவன் சிரித்தான், அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் ஒற்றைக்கண்ணனுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. அவ்வளவுதான். அருவாளைப் பாத்துச் சிரிக்கிறவன்னு ஊர் ஊராப் பேரு பரவிட்டு. "என்னமா யோசிச்சீரு வே!"ன்னு ஆளாளுக்குப் பாராட்டுனாங்க. நானும் கூசாம வாங்கிக்கிட்டேன். யோசிச்சது யாரு? கோவம் வராத ஒரு கை.

அவரு சினிமாவுக்குத் திரை எழுதப் பட்டணத்துக்குப் போயிட்டாரு. அடுத்தாப்புல மொதலாளி கூட்டிட்டு வந்தவரு போர்டு எழுதுதவரு. மேலநீலிதநல்லூர்க்காரரு. பஸ்ஸுக்குப் பேரு, கடைக்குப் பேரு, "இங்கே எச்சில் துப்பாதீர்கள்", இப்படி ஊருக்கெல்லாம் எழுதியே வயித்தைக் கழுவுன மனுசன். காதுல பென்சில், வாயில வெத்தலை. வெத்தலை இருக்கிறதுனால பேச மாட்டாரு, பேசாம இருக்கிறதுக்காகவே வெத்தலை போடுதாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அவரு போட்ட தலைப்பாகைக்காரனைப் பாத்தேன். போன மாசம் வரைக்கும் முருகன் மாதிரி இருந்தவன், இந்த மாசம் ராஜபாளையம் பஸ் கண்டக்டர் மாதிரி இருக்கான். தாடை எலும்பு துருத்திட்டு இருக்கு, கன்னம் ஒட்டியிருக்கு. "யாரு வே இவன்?"னு கேட்டேன். "தலைப்பாகைக்காரன்தான் அண்ணாச்சி"ன்னாரு, சாதாரணமா. மாத்திப் போட மாட்டேன்னும் சொல்லல, போடுதேன்னும் சொல்லல. வெத்தலையை மென்னாரு.

அந்தச் சமயம் ஊர்ல அம்மை கண்டிருந்துச்சு. வேற என்ன செய்ய, தலைப்பாகைக்காரனுக்கும் அம்மை போட வச்சேன். ஒரு மாசம் முழுக்கப் பாவம் அவனைக் குடிசைக்குள்ள வேப்பிலைப் படுக்கையில போட்டு, முகத்தையே காட்டாம ஓட்டுனேன். அடுத்த மாசம் உருக்குலைஞ்சு எந்திரிச்சு வெளிய வந்தான், போர்டுக்காரரு போட்ட முகத்தோட. ஒருத்தர் ஒரு கேள்வி கேக்கல. குருவிகுளத்துல இருந்து ஒரு அம்மா, கோயில்ல வாங்குன புத்துமண்ணைப் பொட்டலமாக் கட்டி, தலைப்பாகைக்காரனுக்குப் பூசிவிடச் சொல்லிக் குடுத்து அனுப்பியிருந்தாங்க. மொதலாளி அதைக் கையில வச்சிக்கிட்டு என்னையும் போர்டுக்காரரையும் மாறி மாறிப் பாத்தாரு. கடைசியில போர்டுக்காரர்தான் அதை வாங்கி, பயபக்தியா மடியில முடிஞ்சுக்கிட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அவருக்கு வரல. அதை நான் அப்பவே கவனிச்சிருக்கணும்.

இனிமேதான் விசயத்துக்கு வாரேன்.

அந்த முகத்தோட ஒரு வருசத்துக்குப் பக்கமா ஓடிட்டு. எனக்குச் சலிச்சுப் போச்சு. மாசாமாசம் வண்டி, சந்தை, கொள்ளைக்காரன், அருவாளு. பட்டணத்துப் பத்திரிகையில எல்லாம் ராஜா, ராணி, அரண்மனை, சுரங்கப்பாதைன்னு அமர்க்களப்படுது, நான் இங்கன கரிசக்காட்டுல மட்டக்குதிரையை மேச்சிட்டுக் கிடக்கேன்னு மனசுல ஒரு குமைச்சல். மொதலாளிகிட்டப் போயி, "ஆடித் தபசுக்கு வாற புத்தகத்துல தலைப்பாகைக்காரன் செத்துப் போறான். ஆவணியில ராஜா கதை"ன்னேன். தபசுங்கிறது எங்க கோயில் திருவிழா, சுத்துப்பட்டி சனமெல்லாம் ஊருக்குள்ள வரும். சாவுன்னா புத்தகம் பறக்கும்னு மொதலாளியும் தலையாட்டிட்டாரு.

போர்டுக்காரர்கிட்ட அஞ்சு படத்துக்கும் விவரம் எழுதிக் குடுத்தேன். முதல் படம், நம்ம ஆளு தோள்ல கயித்தோட குதிரையில வாரான். ரெண்டாவது, வேப்பமரத்துக்குப் பின்னால ஒத்தைக்கண்ணன் பதுங்கி நிக்கான். மூணாவது, கிணத்து மேட்டுல ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு உருளுதாங்க. நாலாவது, தலைப்பாகை கழண்டு போன நம்ம ஆளு கிணத்துக்குள்ள கயித்துல தொங்குதான், மேல நின்னு ஒத்தைக்கண்ணன் அருவாள ஓங்குதான். அஞ்சாவது, தண்ணியில தலைப்பாகை மட்டும் மிதக்குது. முடிஞ்சுது சோலி.

அவரு எல்லாத்தையும் வாசிச்சாரு. வெத்தலையை வெளிய போய்த் துப்பிட்டு வந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. "கிணத்துல தண்ணி எம்புட்டு இருக்கும் அண்ணாச்சி?"

"ஆளு முங்குற அளவுக்கு இருக்கும் வே. போய்ப் போடும்"னேன்.

இங்கன ஒரு சின்ன விவரம் சொல்லணும், இல்லன்னா மேக்கொண்டு விளங்காது. கல்லுல இருக்கிறது தாள்ல விழும்போது இடது வலதாயிரும், வலது இடதாயிரும். அதனால கல்லுல வரையிறவரு எல்லாத்தையும் இடவலம் மாத்தித்தான் வரையணும். லேபிள் ஓவியருக்கு அது தண்ணிபட்ட பாடு. போர்டுக்காரரு அதுவரைக்கும் தாள்ல நேரா வரைஞ்சு குடுப்பாரு, அதுக்குன்னு உள்ள ஒரு தாள் உண்டு, அதைக் கல்லு மேல ஒட்டி எடுத்தாப் படம் கல்லுல தானா மாறிரும். ஆடி மாசத்துக்கு அந்தத் தாள் வரல. "சரி வே, கல்லுலயே போட்டுரும்"னு மொதலாளி சொல்லிட்டாரு. மாத்திப் போடணும்னு நான் சொல்லியிருப்பேன்னு மொதலாளி நெனச்சாரு. மொதலாளி சொல்லியிருப்பாருன்னு நான் நெனச்சேன். கல் மிஷின் ஓட்டுறவரு, நாம யாரு சொல்லுறதுக்குன்னு இருந்துட்டாரு.

முதல்ல படத்தை மட்டும் அடிச்சு முடிச்சிருவாங்க. அப்புறம், நான் எழுதுன வரிகளை அச்சுக் கோத்து, படத்துக்குக் கீழ வெறுமையா விட்ட இடத்துல அடிப்பாங்க. தபசுக்கு முந்துன நாள் காலையில அச்சடிச்ச தாள் ஒண்ணை எங் கையில குடுத்தாங்க, எந்த வரி எந்த இடம்னு குறிச்சுக் குடுக்க. பாக்கேன், இடது ஓரத்துல முதல் படமாத் தலைப்பாகை மிதக்குது! தாளைத் தலைகீழாத் திருப்புனேன். வரிசை நேராச்சு, ஆனா குதிரையும் கிணறும் தலைகீழாத் தொங்குச்சு. சன்னல் பக்கம் போயி, தாளோட பின்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்துல பிடிச்சேன். அடேயப்பா! அப்படிப் பாத்தாக் கதை ஒழுங்கா ஓடுது. குதிரை, மரம், சண்டை, கயிறு, தலைப்பாகை. அந்த மனுசன் போர்டு எழுதுத மாதிரியே கல்லுல நேரா வரைஞ்சு வச்சிருக்காரு! வரிசை மொத்தமும் தலைகீழாப் போச்சு. படத்துல ஒரு எழுத்துகூட இல்லாததுனால அடிக்கிறப்ப ஒருத்தருக்கும் தெரியல.

கல் மிஷின்காரர்கிட்டக் காமிச்சேன். அவரும் தாளைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு, "வாங்குற சனத்தையெல்லாம் இப்பிடியே சன்னல்ல பிடிச்சுப் படிக்கச் சொல்லிருவோமா?"ன்னாரு. அந்த நேரத்துல அவரை அடிக்கணும்போல இருந்துச்சு. இப்ப நெனச்சா, அன்னைக்கு அங்க பேசுன ஒரே நல்ல யோசனை அதுதான்.

மொதலாளி வந்தாரு. தாளைப் பாத்தாரு. பக்கத்துல இருந்த பெஞ்சில உக்காந்தாரு. பேப்பர் கண்ட்ரோல் காலம் மக்கா அது, கெஞ்சிக் கூத்தாடி வாங்குன பேப்பர். திரும்பக் கேட்டாக் கிடைக்காது. படம் இருந்த கல்லையும் தேச்சு, தீப்பெட்டி லேபிளுக்குக் குடுத்தாச்சு. மறுநாள் தபசு.

"கூப்பிடு அவரை"ன்னாரு.

போர்டுக்காரரு வந்து நின்னாரு. மொதலாளி கத்துவாருன்னு எதிர்பாத்தேன், கத்தல. கத்தியிருந்தாப் பரவாயில்ல. "வே, ஒம்ம பிரஷ்ஷை எடுத்துட்டுக் கெளம்பும். இனி இந்த வாசப்படி ஏறாதேயும். பத்திரிகையும் இதோட நின்னுச்சு"ன்னாரு. எனக்கு ஆத்திரமா வந்துச்சு. போன வருசம்தான் போர்டுக்காரரு பொண்டாட்டி பிள்ளைகளை மேலநீலிதநல்லூர்ல இருந்து இங்க கூட்டிட்டு வந்து வாடகைக்கு வீடு பிடிச்சிருந்தாரு, இந்த வேலையை நம்பி. அவரு குனிஞ்சு பிரஷ்ஷைப் பொறுக்கி எடுத்தாரு. அதைப் பாத்ததும் எனக்கு எங்க இருந்து வாய் வந்துச்சோ, வந்துட்டு.

"மொதலாளி, சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. இந்தத் தாள்லயே புத்தகம் வரும். வந்தா இவரு இருக்கட்டும். வரலைன்னா இவரோட நானும் போயிருதேன்."

"வரிசையே தலைகீழா இருக்கு. என்னத்தை வே எழுதுவீரு?"

"அது எம்பாடு"ன்னேன். என்ன எழுதன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. வீராப்புப் பேசிட்டுப் பெறகு முழிக்கிறது எனக்குப் பெறவிக்குணம். எங்க வீட்டுல கேட்டாச் சொல்லுவாங்க.

அன்னைக்குத்தான் மக்கா, அத்தனை மாசத்துல முதல் தடவையா, நானும் அவரும் ஒரே பெஞ்சில பக்கத்துல பக்கத்துல உக்காந்தோம். தாளு நடுவுல. நான் எழுதி வச்சிருந்த வரியெல்லாம் பிரயோசனம் இல்ல. படத்தை மட்டும் பாக்கணும், பாத்து எழுதணும். அதுவரைக்கும் நான் அவரு படத்தைப் பாத்ததே கிடையாதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. நான் சொன்னது இருக்கான்னு சரிபாத்திருக்கேன், அவ்வளவுதான். கிணத்துச் செவுத்துல ஒரு ஓணான் இருந்துச்சு. படிக்கட்டு இருந்துச்சு. நான் கேக்காத எத்தனையோ அங்கன இருந்துச்சு.

"தலைப்பாகை மிதக்குது. ஆளு செத்துட்டான். கதை முடிஞ்சுது. மிச்சம் நாலு படத்தை வச்சு என்ன செய்ய?"ன்னு தலையில கைய வச்சேன்.

"தலைப்பாகைதான மிதக்குது அண்ணாச்சி"ன்னாரு மெதுவா. "ஆளு மிதக்கலையே."

நிமிந்து பாத்தேன். ஆமால்ல! எழுதுனேன்: தலைப்பாகை மிதந்தது. ஆள் முடிந்தான் என்று மேலே ஒருவன் சிரித்தான். தலைப்பாகையைத் தண்ணீரில் எறிந்தவனோ, படிக்கட்டின் இருளில் மூச்சடக்கி நின்றான்.

எழுதிட்டு எனக்கே மயிர்க்கூச்செறிஞ்சுது. அடுத்த படம் கயிறு. தொங்குதவன் இப்ப ஏறுதவன் ஆயிட்டான். ரெண்டும் படத்துல ஒண்ணுபோலத்தான் இருக்குன்னு அன்னைக்குத்தான் கண்டேன். ஓங்குன அருவாளு கயித்தை அறுத்துட்டு. அடுத்தது மேட்டுல சண்டை. அங்கதான் சிக்கல். சண்டைப் படத்துல தலைப்பாகை மறுபடி தலையில இருக்கு.

மொதலாளி பின்னால நின்னு எட்டிப் பாத்துட்டு இருந்தாரு. "கிணத்துல விழுந்தவன் உயிர் போற அவசரத்துல தலைப்பாகையைத் தேடி எடுத்துக் கட்டிட்டா வே சண்டைக்கு வருவான்?"

"எங்க ஊர்ல வருவான் அண்ணாச்சி"ன்னாரு போர்டுக்காரரு. "வெறுந்தலையோட ஒருத்தன் முன்னால போய் நிப்பானா?"

மொதலாளி தோள்ல கெடந்த துண்டை இழுத்து விட்டுக்கிட்டாரு. அவரும் துண்டு இல்லாம வாசல்ல எறங்காத ஆளுதான். நான் எழுதுனேன்: கயிறு அறுந்தது. விழுந்தவன் தலைப்பாகையை எடுத்து இறுகக் கட்டிக்கொண்டு, படி வழியாக மேலே வந்தான். அப்புறம் என்ன, வேப்பமரத்துக்குப் பின்னால அடிக்கப் பதுங்குனவன், இப்ப அடிக்குப் பயந்து பதுங்குதான். கடைசிப் படத்துல நம்ம ஆளு கயித்தோட குதிரையேறி அவனைக் கட்டித் தூக்கக் கெளம்பிட்டான். முடியும்னு போட வேண்டிய இடத்துல தொடரும்னு போட்டேன்.

இன்னொரு இடைஞ்சல் பாக்கி இருந்துச்சு. எல்லாம் இடவலம் மாறுனதுல, நம்ம ஆளு அருவாள இடது கையில பிடிச்சிருக்கான். ஒத்தைக்கண்ணன் துணி வலது கண்ணுக்கு வந்துட்டு. வலது கையில் காயம் பட்டிருந்தபடியால்னு ஒரு வரி ஆரம்பிச்சேன். போர்டுக்காரரு என் பேனா மேல விரலை வச்சாரு. "யாரு கேட்டா அண்ணாச்சி?"ன்னாரு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டின்னு எங்க வீட்டுல அடிக்கடி சொல்லுவாங்க, எனக்காகவே சொல்லுவாங்க. அடிச்சிட்டேன் அந்த வரியை. மக்கா, இதை மட்டும் எழுதி வச்சுக்கோங்க. தப்பு நடந்த இடத்துல விளக்கம் எழுதாதீங்க. வாசிக்கிறவன் பாட்டுக்குப் போயிட்டு இருப்பான், நாமளே கையப் பிடிச்சு இழுத்துக் குழியைக் காமிக்கக் கூடாது.

வெயில் தாழுறதுக்குள்ள அச்சுக் கோத்து, ஏத்தி, அடிச்சாச்சு. மொதலாளி ஒரு புத்தகத்தை எடுத்து முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாசிச்சாரு. வாசிச்சிட்டு, "அந்தப் பிரஷ்ஷை இருந்த இடத்துல வைக்கச் சொல்லும்"னு எங்கிட்டச் சொன்னாரு. போர்டுக்காரரு பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தாரு. மொதலாளிமார் அப்படித்தான்.

தபசு அன்னைக்குத் தேரடிப் பக்கம் அவுத்துப் போட்ட ஒரு வண்டிக்கு அடியில, நெழலுக்கு ஒதுங்குன, வெள்ளாமை பாக்கிற சம்சாரிங்க நாலஞ்சு பேரு. ஒருத்தரு எழுத்துக் கூட்டி வாசிக்காரு, மத்தவங்க கேக்காங்க. "ஏலே, பாத்தியாலே, சாகலைல! நான் சொன்னேம்லா!"ன்னு ஒருத்தரு பக்கத்துல இருந்தவரு தொடையில ஓங்கி ஒரு அடி. அடி வாங்குனவரும் சிரிச்சாரு. நான் தள்ளி நின்னு பாத்துட்டே இருந்தேன். இவங்களுக்கா ராஜா கதை எழுதப் போனோம்னு வெக்கமாயிட்டு. ஆவணியிலயும் தலைப்பாகைக்காரன்தான் வந்தான்.

கண்ணு விசயத்தை ஒரே ஒருத்தரு பிடிச்சாரு. கடைத்தெரு பலசரக்குக் கடை அண்ணாச்சி. "என்ன வே, போன மாசம் இடது கண்ணு, இந்த மாசம் வலது கண்ணு. அடுத்த மாசம் என்ன, ரெண்டுமா?"ன்னு கேட்டாரு. "அடுத்த மாசம் பாருங்க"ன்னு சொல்லிட்டு ஓடியாந்துட்டேன். அடுத்த மாசக் கதை அதுதான். ஒத்தைக்கண்ணனுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு, ஊருக்கு ஒரு கண்ணுல துணியை மாத்தி மாத்திக் கட்டி ஏமாத்துதான்! அந்த அண்ணாச்சி, தான்தான் அதை முதல்ல கண்டுபிடிச்சதா இன்னைய வரைக்கும் சொல்லிட்டிருக்காரு. சொல்லட்டும், உண்மைதான.

தபசு முடிஞ்சு மறுவாரம், மொதலாளி சொன்னபடி, நான் போர்டுக்காரரை உக்கார வச்சுப் பாடம் எடுத்தேன். முகம் பாக்கிற கண்ணாடி ஒண்ணைக் கொண்டு வந்து, "இங்க பாரும் வே, கல்லுங்கிறது இது மாதிரி. வலதைப் போட்டா இடதாத் தெரியும். விளங்குதா?"ன்னு மூணு விதமா விளக்குனேன். கைகட்டிக் கேட்டுக்கிட்டாரு. "விளங்குது அண்ணாச்சி"ன்னாரு. அதுக்கப்புறம் ஒரு தடவைகூடத் தப்பு வரல. என் பாடத்தோட மகிமைன்னு நாலு பேர்கிட்டச் சொல்லியும் வச்சேன்.

கொஞ்ச மாசம் போச்சு. ஸ்டேசன் ரோட்டுல இருந்த காப்பி கிளப்புக்குப் புதுசாக் கண்ணாடிக் கதவு போட்டாங்க. ஊருக்கே அது அதிசயம். ஒரு நாள் காலையில காப்பி குடிக்கப் போறேன், கதவுக்கு அந்தப் பக்கம், உள்ள, நம்ம போர்டுக்காரரு நின்னுட்டு இருக்காரு. கண்ணாடியில கிளப்புப் பேரை எழுதிட்டு இருக்காரு. நான் வெளிய நிக்கேன், எனக்கு எழுத்து நேராத் தெரியுது. முதல்ல ஒண்ணும் உறைக்கல. கதவைத் தள்ளிட்டு உள்ள போய் அவரு பக்கத்துல நின்னு பாத்தேன். எல்லா எழுத்தும் இடவலம் மாறி இருக்கு. கொம்பு, சுழி, புள்ளி, எல்லாமே. கோடு போட்டுக்கிடல, பாத்து எழுத ஒண்ணும் வச்சிக்கிடல, வெத்தலையை மென்னுக்கிட்டே சரசரன்னு எழுதிட்டுப் போறாரு.

"வே, இது எப்பத்துல இருந்து?"ன்னு கேட்டேன்.

"கண்ணாடி எழுத்தா? சின்ன வயசுல இருந்தே அண்ணாச்சி. மதுரையில தொழில் பழகுனப்ப இதான் வேலை. வெளிப்பக்கம் எழுதுனா மழை தண்ணியில அழிஞ்சிரும்லா, உள்பக்கம் மாத்தித்தான் எழுதணும்."

ஒரு எழுத்து முடியிற வரைக்கும் நின்னேன். "அப்ப, அந்தக் கல்லு?"ன்னேன்.

அவரு கையி நிக்கல. "நான் வாழ்நாள் பூராப் பேருதான் அண்ணாச்சி எழுதிட்டு இருந்தேன். கடைக்குப் பேரு, பஸ்ஸுக்குப் பேரு. மொகம்னு ஒண்ணு நான் உண்டாக்குனது இவன் ஒருத்தனுக்குத்தான். அவனைக் கிணத்துல போடுன்னு எழுதிக் குடுத்துட்டீங்க. போட்டுப் பாத்தேன், மனசு வரல. எங் கையால எப்பிடி?"

"எங்கிட்ட வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா வே!"

"சொன்னாக் கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டேன். மூஞ்சியச் சுளிச்சிருப்பேன்.

கோவம் சுர்ருன்னு ஏறுச்சு. "மொதலாளி ஒம்மை வெளிய தள்ளுனாரே, பிரஷ்ஷைப் பொறுக்குனீரே! பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிட்டு மறுபடி ஊருக்குப் போயிருப்பீருல்லா! நான் குறுக்க வந்ததுனால தப்பிச்சீரு. நான் அன்னைக்கு எழுத முடியாம கைய விரிச்சிருந்தா என்ன வே ஆயிருக்கும்?"

அப்பத்தான் திரும்பி என்னையப் பாத்தாரு. "நீங்க எழுதிருவீங்கன்னு தெரியும் அண்ணாச்சி. அதை நம்பித்தான கல்லுல கைய வச்சேன்"ன்னாரு.

சொல்லிட்டுக் கடைசி எழுத்துக்குப் புள்ளி வச்சாரு. பிரஷ்ஷைத் தொடச்சிட்டு, "கொஞ்சம் வெளிய போயி, நேரா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க"ன்னாரு.

போனேன். ரோட்டுல நின்னு பாத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரு புருவத்தைத் தூக்கி, எப்பிடி இருக்குன்னு கேக்காரு. எழுத்து என்னமோ நேராத்தான் இருந்திருக்கும். எனக்குத்தான் கண்ணு கலங்கி ஒண்ணும் தெரியல. இருந்தாலும், நல்லா இருக்குன்னு கையக் காட்டுனேன்.